புதுப்பிப்பு: கான்ட்ராஸ்ட் மேமோகிராம் எடுத்தாயிற்று

போன மாதம் கேட்டிருந்தேன்: சாதாரண மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) இடது மார்பில் ஏதோ மங்கலாகத் தெரிகிறது, அடர்த்தியான மார்பு என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கான்ட்ராஸ்ட் (படத்தில் பளிச்சென்று தெரியும் அயோடின் மருந்து) போட்டு மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள், தேவையா என்று. சரி, எடுத்துவிட்டேன்.

முதலில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, அப்புறம் அயோடின் மருந்து ஒவ்வாமை உண்டா என்ற கேள்வி. கை நரம்பில் மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் குப்பென்று ஒரு சூடு, வாயில் உலோகச் சுவை. சீக்கிரமே போய்விட்டது. இரண்டு நிமிடம் கழித்து வழக்கமான அதே அழுத்தல்தான். ஒவ்வொரு கோணத்திலும் குறைந்த எக்ஸ்ரே ஆற்றலில் ஒரு படம், அதிக ஆற்றலில் ஒன்று. கணினி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அயோடின் தேங்கிய இடம் வெள்ளையாக மிஞ்சும். புற்றுக்கட்டி வளர்த்துக்கொள்ளும் புது ரத்தக்குழாய்கள் கசியும் என்பதால் அங்கே பளிச்சென்று தெரியுமாம்.

என் படத்தில் அந்த மங்கல் ஒளிரவே இல்லை. திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நிழல். நிம்மதி என்று எழுந்தால், யாரும் தேடாத இன்னொரு இடத்தில் ஓரம் வழுவழுப்பான சின்ன வெள்ளைப் புள்ளி! ஃபைப்ரோஅடினோமாவும் (புற்றல்லாத சாதாரணக் கட்டி) ஒளிரும், சில புற்றுகள் சரியாக ஒளிராது, அதனால் திசு பார்க்காமல் விட முடியாது என்றார் மருத்துவர். அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி ஊசியால் எடுத்தார்கள். பத்து நாள் தூக்கமில்லை. முடிவு: ஃபைப்ரோஅடினோமாதான்.

மாதவிடாய் நிற்காதவர்கள் மாதவிடாய் தொடங்கியதிலிருந்து எண்ணி 7 முதல் 14ஆம் நாளுக்குள் தேதி கேளுங்கள். பின்னணி ஒளிர்வு, அதாவது சாதாரணத் திசுவே மருந்தால் ஒளிர்வது, குறைவாக இருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை.