வன்னியிலயிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போற பிள்ளையளுக்கு

போய் இறங்கின கையோட எங்கட ஆக்கள் உங்களிட்டக் கேக்கப்போறது, "யாழ்ப்பாணத்தில எவடம்?" லண்டனிலயும் டொரன்டோவிலயும் கதை அப்படித்தான் தொடங்கும். கன பிள்ளையள் விளங்கப்படுத்திற கரைச்சலுக்கு "ஓம், யாழ்ப்பாணம்தான்" எண்டு சொல்லிப்போட்டு விடுகினம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதேங்கோ. விசுவமடு, மாங்குளம், ஒட்டுசுட்டான் எண்டு உங்கட வன்னி ஊர்ப்பேரையே சொல்லுங்கோ. முதல்நாள் மறைச்சால், பிறகு காலபோக நெல் விதைப்பையும், கடல்தண்ணியில விளக்கெரியிற வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலையும் சேத்துத்தான் மறைக்க வேண்டிவரும். நீங்கள் ஆர் எண்டதில பாதி அதுக்குள்ளதான் இருக்கு.

அதைவிடப் பாரமானது 2009, யுத்தம் முடிஞ்ச வருசம். இப்ப மாஸ்டர்ஸுக்குப் போற கனபேர் அப்ப ஏழெட்டு வயதுப் பிள்ளையள். பதுங்குகுழியும், சனத்தை அடைச்சு வைச்ச செட்டிகுளம் முகாமும் ஞாபகத்தில இருக்கும். வெளிநாட்டில பிறந்த தமிழ்ப் பிள்ளையள், அந்த யுத்தத்தில செத்த சனத்துக்கான மே 18 நினைவேந்தலுக்குப் போய் வளர்ந்தவை. ஒன்ராறியோ மாகாணம் 2021 இல மே 18 ஓட முடியிற ஏழு நாளையும் தமிழின அழிப்புக் கல்வி வாரமெண்டு சட்டமாக்கியே வைச்சிருக்கு. அதால அவை பாசத்தோடதான் கேப்பினம், "நீங்கள் அங்க இருந்தனீங்களோ?" எண்டு. கேக்கிற எல்லாருக்கும் நீங்கள் சாட்சி சொல்லத் தேவையில்லை. "இப்ப அதைக் கதைக்க ஏலாது" எண்டால் போதும். நித்திரை குழம்பினால், சாப்பாடு இறங்காட்டி, பல்கலைக்கழகத்தில மாணவருக்கு இருக்கிற உளவள ஆலோசகரிட்டப் போங்கோ. விசர் எண்டு ஆரும் நினைப்பினமோ எண்டு பயந்து அறைக்குள்ள கிடக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளையளின்ர தமிழைக் கேட்டுச் சிரிக்கவும் வேண்டாம். சனிக்கிழமை நித்திரையை விட்டுத் தமிழ் வகுப்புக்குப் போய்ப் படிச்ச தமிழ் அது. தமிழ்ச் சங்கத்தில பரதம் ஆடுவினம். நீங்கள் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைப் பற்றிச் சொல்லுங்கோ, ரெண்டு வரி பாடியும் காட்டுங்கோ. ஆசையாக் கேப்பினம்.

வேலை: பிரித்தானியாவில பட்டப்படிப்பு விசாவுக்குத் தவணைக் காலத்தில கிழமைக்கு 20 மணித்தியாலம், கனடாவில 24. மிஞ்சாதேங்கோ. தமிழ்க் கடையில வேலை, தமிழாக்களோட அறை எண்டு இருந்தால் வருசம் முடிஞ்சும் வகுப்பில ஒருத்தரையும் தெரியாமப் போகும். வகுப்புப் பிள்ளையளை ஒருநாள் சோத்துக்குக் கூப்பிடுங்கோ.

தங்கச்சிமாருக்கு ஒண்டு. இரவு தனிய பஸ்ஸில வருவியள், உங்கட முடிவை நீங்களே எடுக்கப் பழகுவியள். ஊருக்கு வரேக்க "பிள்ளை மாறிட்டுது" எண்டுவினம். மாறினது உண்மைதான், அதில பிழையில்லை. ஆனா காணியை ஈடு வைச்சு அனுப்பின அம்மாவுக்கு அதை ஒரேயடியாக் காட்டாதேங்கோ. கதைக்கிற நேரமெல்லாம் கொஞ்சங்கொஞ்சமாச் சொல்லிக்கொண்டு வாங்கோ: என்ன படிக்கிறியள், ஆரோட பழகிறியள், என்னத்துக்குப் பயப்பிடுறியள் எண்டு.

செப்டெம்பருக்குப் போறவை எந்த நகரம் எண்டு கீழ எழுதுங்கோ. அங்க இருக்கிற எங்கட பக்கத்துப் பிள்ளையளிட்ட அறை விசாரிச்சுச் சொல்லுறன்.