பின் பிரேக் சுமை வால்வைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி (திருவொற்றியூர்):
சுமையில்லாத என் பழைய வேனில், ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்தினால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு பின்புறம் பக்கவாட்டில் வழுக்குகிறது. பின் அச்சோடு ஸ்பிரிங்கால் இணைந்த வால்வின் நெம்புகோல் அசையவில்லை. அதைச் சரிசெய்யும் திருகை நானே திருப்பலாமா, ஐயா?

பதில் (ராயபுரம்):
தயவுசெய்து இப்போது திருகைத் தொடாதீர்கள். பிரேக் பிடிக்கையில் எடை முன்னே சாய்வதால் இலேசாகும் பின்சக்கரங்களுக்குச் செல்லும் அழுத்தத்தை அந்த வால்வு மட்டுப்படுத்துகிறது. சுமை ஏறி வண்டியின் உடல் தாழ்ந்து அச்சை நெருங்கும்போது, நெம்புகோல் நகர்ந்து கூடுதல் அழுத்தத்தை அனுமதிக்கிறது. உங்கள் வண்டியில் அது சுமை நிலையிலேயே துருவேறி இறுகியிருக்கலாம். கடற்காற்று வீசும் நம் பகுதியில் இது வியப்பன்று. முதலில் நெம்புகோலின் இணைப்பைத் தளர்த்திச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே பிஸ்டன் இறுகியிருந்தாலோ எண்ணெய் கசிந்தாலோ வால்வையே மாற்றுவதுதான் பாதுகாப்பு.

பதில் (தண்டையார்பேட்டை):
ஒன்றைச் சேர்க்கிறேன். ஜாக்கியில் உடலைத் தூக்கிவைத்து நெம்புகோலின் நிலையை அளந்தால் அச்சு தொங்கி அளவு பொய்யாகிவிடும் என்பதால், வண்டி சமதரையில் தன் சக்கரங்களிலேயே, கையேடு சொல்லும் எடையுடன் நிற்க வேண்டும். பின் பட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால், சுமை ஏற்றினாலும் உடல் போதிய அளவு தாழாது. வால்வும் பின் பிரேக்கைக் குறைத்தே வைத்திருக்கும். இறுதி அமைப்பை முன், பின் குழாய்களில் அழுத்தமானி பொருத்திச் சரிபார்ப்பதே முறை.