போக்கர் கத்துக்க பழைய புக் போதுமா, சால்வர் வேணுமா?

கேள்வி: டெக்சாஸ் ஹோல்டம் இப்பதான் ஆட ஆரம்பிச்சிருக்கேன், காசு வைக்காம ஃப்ரெண்ட்ஸோட மட்டும். ஒருத்தர் பழைய போக்கர் சாம்பியன் டாயில் பிரன்சன் எழுதின புக் படிங்கறார், இன்னொருத்தர் அதெல்லாம் பழசு, சால்வர் (எந்த நிலைமைல எப்படி ஆடணும்னு கணக்குப் போட்டு சொல்ற சாஃப்ட்வேர்) பாருங்கறார். எதுல ஆரம்பிக்கறது?

பதில் 1: பிரன்சனோட சூப்பர் சிஸ்டம் 1979 வாக்குல வந்தது, அதுக்கு முன்னாடி நல்லா ஆடறவங்க தொழில் ரகசியத்தை வெளிய விடறதே அபூர்வம். அடிச்சு ஆடு, எதிராளிய கார்டை போட்டுட்டு விலக வைங்கறதுதான் சாரம். டேவிட் ஸ்க்லான்ஸ்கிங்கற இன்னொரு எழுத்தாளர் போக்கரை கணக்கு வழியா விளக்கினார். 2003ல கிறிஸ் மணிமேக்கர்னு ஒரு அக்கவுண்டன்ட் 86 டாலர் ஆன்லைன் போட்டி வழியா உள்ள வந்து உலகப் போட்டில 25 லட்சம் டாலர் ஜெயிச்சாரு பாருங்க, அதுக்கப்புறம் ஆளாளுக்கு கத்துக்க கிளம்பிட்டாங்க, மாச சந்தாவுக்கு வீடியோ போட்டு சொல்லித்தர்ற சைட்டெல்லாம் வந்துச்சு.

பதில் 2: 2015ல பயோசால்வர்ங்கற சால்வர் வந்ததும் பேச்சே மாறிடுச்சுங்க. ஃப்ளாப்ல (எல்லாருக்கும் பொதுவா முதல்ல திறக்கற மூணு கார்டு) கிங், 7, 2 வேற வேற சூட்ல வருதுன்னு வைங்க, பட்டன்ல (ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா ஆடற இடம்) இருந்து ரெய்ஸ் பண்ணவர், அதாவது பந்தயத்தை ஏத்தினவர், கையில எது இருந்தாலும் பாட்ல (நடுவுல சேர்ந்திருக்கற பந்தயத் தொகை) மூணுல ஒரு பங்கு பெட் பண்ணலாம்ங்குது, முன்னாடி பாதிக்கு மேல போடறதுதான் வழக்கம். ஆனா சொல்லித்தர்றவங்க ஏன்னு புரியாம சார்ட்டை (எந்த கார்டுக்கு என்ன பண்ணணும்ங்கற அட்டவணை) மனப்பாடம் பண்ண வைக்கறாங்க, அதுதான் எனக்கு பிடிக்கல.

பதில் 3: முதல்ல பாட் ஆட்ஸ் (போடறதுக்கு எவ்வளவு கிடைக்கும்ங்கற கணக்கு) கத்துக்கோங்க தம்பி. பாட்ல 100, எதிராளி 50 போடறார்னா நீங்க 50 போட்டு 150க்கு ஆடறீங்க, நாலுல ஒரு தடவை ஜெயிச்சா நட்டம் இல்ல. இது கைவந்ததும் சால்வர் பக்கம் போகலாம்.