கிப்பரில் பிப்ரவரிக் குளிர்: கேமரா தாங்குமா?

கோவைக்காரன்:
பிப்ரவரி கடைசியில் பனிச்சிறுத்தை பார்க்க இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறேன். கிப்பர் கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கல். ராத்திரி மைனஸ் 20 வரை இறங்கும் என்கிறார்கள். என்னிடம் மிரர்லெஸ் கேமரா, 200-600 மி.மீ. லென்ஸ், இரண்டு பேட்டரி. கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கிறது. தனியாக உறை ஏதாவது வாங்க வேண்டுமா?

மலைக்காக்கை:
தாராளமாகத் தாங்கும் தம்பி. அதே ஊரில் அதே மாதம் நான் எடுத்திருக்கிறேன். உறைக்கு ஆகும் காசில் இன்னும் இரண்டு பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடும். பாதி சார்ஜ் காட்டிக்கொண்டிருந்தது பட்டென்று அணையும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உள்சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றினால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். ஹேண்ட் வார்மரை நம்பிப் போகவேண்டாம். அது ஆக்சிஜனை வைத்துச் சூடாகிற சமாச்சாரம். கிப்பர் இருக்கிற 4,200 மீட்டர் உயரத்தில் சோம்பலாகத்தான் வேலை செய்யும்.

உண்மையான ஆபத்து வெளியே இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. சென்னையில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வியர்க்குமே, அங்கே அது தலைகீழ். அடுப்பு எரியும், டீ கொதிக்கும், ஈரக் காலுறை காயும். அந்தக் காற்றில் சில்லிட்ட கேமராவை வைத்தால் கண்ணாடிக்குப் பின்னால், லென்ஸ் மாட்டுகிற மவுண்டுக்குள் எல்லாம் நீர் கோக்கும். அதனால் வாசலிலேயே பேட்டரியையும் கார்டையும் கழற்றிவிட்டு, கேமராவை ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி மூடி, பைக்குள் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தொடக்கூடாது. கார்டு கையில் இருப்பதால் படம் பார்க்கும் ஆசைக்குக் கவரைத் திறக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று: சூடான ஜீப்பிலிருந்து இறங்கியதும் எடுத்த படம் கலங்கலாக வந்தால் ஃபோகஸைத் திட்டாதீர்கள். லென்ஸ் முன்னால் மாட்டுகிற ஹூடுக்குள் வெப்பக் காற்று நெளிகிறது. லென்ஸ் குளிரட்டும், சரியாகிவிடும்.

எட்மன்டன்வாசி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சில்லிட்ட பேட்டரியை உடனே சார்ஜரில் போடாதீர்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். அப்புறம் அந்தப் பேட்டரி பழைய நிலைக்கு வராது. லென்ஸில் பனித்தூள் விழுந்தால் வாயால் ஊதவேண்டாம், மூச்சின் ஈரம் அங்கேயே உறைந்துவிடும். பிரஷ் போதும். ட்ரைபாட் கால்களையும் பனியைத் துடைக்காமல் உள்ளே தள்ளாதீர்கள், இறுகிப் பிடித்துக்கொள்ளும். விமானத்தில் கூடுதல் பேட்டரிகள் கைப்பையில்தான் போகவேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கோவைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. அப்போ ராத்திரி கேமரா எங்கே?

மலைக்காக்கை:
அடுப்பு இல்லாத அறை ஏதாவது இருக்கும், வீட்டுக்காரரிடம் கேட்டு அங்கே வையுங்கள். காலையில் எடுத்தவுடன் தயாராக இருக்கும். பேட்டரிகள் மட்டும் உங்களோடு ரஜாய்க்குள் (பஞ்சுப் போர்வைக்குள்). விடியும் முன்னே ‘ஷென்’ என்று யாராவது கதவைத் தட்டினால் பனிச்சிறுத்தை வந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளூரில் அதற்கு அதுதான் பெயர்.