கிண்டி பாம்புப் பண்ணை, வடநெம்மேலி முதலைப் பண்ணை: வரலாற்றுக் குழப்பம்

மணல்மேடு:
பாம்புப் பண்ணை முதலில் இருந்தது சேலையூரிலா, கிண்டியிலா? இருளர்கள் விஷம் எடுத்துக் காட்டுவது எந்தப் பண்ணையில்? முதலைப் பண்ணையில் ஒரே தொட்டியில் அத்தனை முதலைகள் ஏன்?

சாரைக்குட்டி:
இரண்டு ஊரும் சரிதான். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் சேலையூரில் சிறிதாகத் தொடங்கி, 1972-ல் கிண்டிக்கு மாற்றினார். முதலைப் பண்ணை 1976-ல் வந்தது. இன்று இரண்டும் தனித்தனி அறக்கட்டளைகள். ஒன்றின் டிக்கெட் மற்றதற்குச் செல்லாது.

கண்ணாடிவிரியன்:
விஷம் எடுப்பது வடநெம்மேலி வளாகத்தில். ஆனால் அது பண்ணையின் வேலை அல்ல, இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் வேலை. தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர் பழங்குடியினருக்கு 1972 வனவிலங்குச் சட்டமும் பிறகு வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பிழைப்பைப் பறித்தன. 1978-ல் சங்கம் உருவானது.

பிடிப்பது நான்கே வகை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். எத்தனை பிடிக்கலாம் என்பதை வனத்துறை உரிமத்தில் வரையறுக்கும். மணல் போட்ட மண்பானையில் விட்டு, பானையின் வாயைப் பருத்தித் துணியால் கட்டுவார்கள். உள்ளே குளுமையாக இருக்கும், காற்றும் போகும். சுமார் மூன்று வாரத்தில் நான்கு முறை விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விடுவார்கள். விடும்முன் வயிற்றுச் செதிலில் ஓரம் வெட்டி அடையாளம் வைப்பதால், அதே பாம்பு உடனே மறுபடி சிக்கினாலும் தெரிந்துவிடும். சில முறை சட்டை உரித்தபின் அந்த அடையாளம் மறையும். திரவ விஷம் நம் வெயிலில் சீக்கிரம் கெடும் என்பதால் உறையவைத்து உலர்த்தித் தூளாக்கித்தான் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது.

சாரைக்குட்டி:
இதில் ஒரு சிக்கல். ஒரே இனமானாலும் ஊருக்கு ஊர் விஷத்தின் கூறுகள் மாறும். நாட்டின் விஷமுறி மருந்துக்கு மூலப்பொருள் பெரும்பாலும் இங்கிருந்தே போவதால், வடக்கே பாம்பு கடித்தவர்களுக்கு மருந்து சில நேரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதைச் சங்கத்தின் குறையாகச் சொல்வது நியாயமில்லை.

உப்பங்கழி:
நெரிசலுக்குக் காரணம் வெற்றிதான். அழியும் நிலையிலிருந்த முதலைகளைப் பெருக்கிக் காட்டில் விடுவதே நோக்கம். சதுப்புநில முதலை இங்கே ஆண்டுக்கு இரண்டு முறைகூட முட்டையிடுகிறது, ஒவ்வொரு முறையும் 25–30 வரை. 1990-களில் காட்டில் விடுவது நின்றது, விட இடமில்லை. ஆகவே மணலில் புதைந்த முட்டைகளைத் தேடி எடுக்கவேண்டிய நிலை; ஒரு குழி தவறினாலும் குஞ்சுகள் கூடிவிடும். ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரிலுள்ள விலங்குக் காப்பகத்துக்கு அனுப்புவதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் தள்ளுபடி செய்தது.

முட்டையின் வெப்பநிலையே பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்ற ஆய்வும் இங்கே நடந்தது: 28 முதல் 31 டிகிரி வரை எல்லாம் பெண், 32.5-ல் ஆண், 33-ல் ஆணும் பெண்ணும் கலந்து.