கரும்புக்கு இனிப்பைக் கொடுத்தவர் ஜானகி அம்மாளா?

வியாசர்பாடி முன்னாள் ஆசிரியர்:
மகளிர் நாளையொட்டி நம் தெரு நூலகத்தின் வாசலில் ஒரு பதாகை கட்டியிருக்கிறார்கள். "இந்தியக் கரும்புக்கு இனிப்பைக் கொடுத்தவர் தாவரவியலாளர் ஜானகி அம்மாள்" என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நேற்று மாலை பால் வாங்கப் போனபோது படித்தேன். இரவு முழுவதும் மனம் ஆறவில்லை. பள்ளியில் முப்பது ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவன் என்பதால் சொல்கிறேன், இது தவறு. கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கப்பட்டது. அங்கே அறிவியலாளர்கள் பார்பரும் வெங்கடராமனும் வெள்ளை என்னும் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்னும் கரும்பு வகை வயலுக்கு வந்த ஆண்டு 1918. அம்மையார் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றதே 1921இல்தான். அந்த நிலையத்தில் அவர் சேர்ந்தது 1934இல். பிள்ளைகள் படிக்கும் இடத்தில் இப்படி எழுதலாமா? பதாகையைத் திருத்துங்கள்.

தண்டையார்பேட்டை மாலை வகுப்பு:
அந்த வாசகத்தை எழுதியவள் நான்தான், ஐயா. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். தலைச்சேரியில் 1897இல் பிறந்து, திருமணத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சென்னைக்கு வந்து, ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தி, பார்பூர் உதவித்தொகையில் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1925இல் முதுகலையும் 1931இல் முனைவர் பட்டமும் பெற்ற ஒரு பெண்ணை, என்னிடம் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட இதுவரை தெரிந்திருக்கவில்லை. பதாகை கட்டிய மறுநாளே நான்கு பெண் பிள்ளைகள் வந்து "அக்கா, இவங்க யாரு?" என்று கேட்டார்கள். நாடு முழுவதும் நாளிதழ்கள் எழுதிவரும் வாசகம்தான் அது. ஓர் ஆண் அறிவியலாளருக்கு எழுதியிருந்தால் உங்கள் தூக்கம் கெட்டிருக்குமா?

வியாசர்பாடி முன்னாள் ஆசிரியர்:
ஆண், பெண் என்ற பேச்சு இங்கே எதற்கு? கோ 205 வந்தது 1918. அம்மையார் பட்டம் பெற்றது 1921. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ராயபுரம் துறைமுகத்தான்:
இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். என் தாத்தா துறைமுகத்தில் ஜாவாச் சர்க்கரை மூட்டை இறக்கியவர். முதுகில் மூட்டை அழுத்திய தழும்பை நானே சிறுவயதில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். உங்கள் கோ 205 வந்து 1918லேயே கரும்பு இனித்துவிட்டது என்றால், 1930 வரை ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை ஏன் வந்தது? ஆக, அம்மையார் வந்த பிறகுதான் இனித்திருக்கிறது. கணக்கு நேராகத்தானே இருக்கிறது?

வியாசர்பாடி முன்னாள் ஆசிரியர்:
கணக்கு நேராக இல்லை, தம்பி. ஜாவாச் சர்க்கரை நின்றதற்குக் காரணம் 1932இல் அரசு கொண்டுவந்த சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டமும், அதன் பிறகு பெருகிய ஆலைகளும், அந்த ஆலைகளுக்குக் கரும்பு கொடுத்த கோயம்புத்தூர் வகைகளும். அம்மையார் கோயம்புத்தூருக்கு வந்ததே 1934இல். நம் பக்கத்து மளிகைக் கடையில் இன்றும் வெள்ளைச் சர்க்கரையை "அஸ்கா" என்றுதானே கேட்கிறோம்? அது அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்து அஸ்கா ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓடிய ஆலையின் பெயர். இனிப்பில்லாத கரும்பை வைத்தா அங்கே சர்க்கரை காய்ச்சினார்கள்?

பெரம்பூர் தமிழ்நேயன்:
1918உம் வேண்டாம், 1934உம் வேண்டாம். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததை ஒளவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழன் கடித்த கரும்புக்கு மலபாரிலிருந்து ஒருவர் வந்து இனிப்பு ஊட்டினார் என்பதை எப்படி ஏற்பது?

தண்டையார்பேட்டை மாலை வகுப்பு:
மலபார் அன்று சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அவர் படித்தது சென்னையில், முதலில் பாடம் நடத்தியது சென்னையில், முதுமையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தோடு இணைந்து மதுரவாயல் ஆய்வுத் தோட்டத்தில் மருந்துச் செடிகளுக்கு நடுவே வாழ்ந்து, 1984 பிப்ரவரியில் இறந்ததும் அங்கேதான். இதற்கு மேல் என்ன குடியுரிமைச் சான்று வேண்டும் உங்களுக்கு?

எண்ணூர்க் கழிமுகம்:
மதுரவாயல் நம் வடசென்னை இல்லையே. இருந்தாலும் அவரை நான் கொண்டாடுவேன், ஆனால் கரும்புக்காக இல்லை. எண்பது வயதில், மின் திட்டத்துக்காகக் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கின் (சைலண்ட் வேலி) காடு மூழ்கப்போகிறது என்றபோது எதிர்த்து நின்றவர் அவர். அனல்மின் சாம்பல் படிந்த கழிமுகத்தில் வலை வீசும் எங்களுக்கு அந்த ஜானகி அம்மாள்தான் வேண்டும். பதாகையில் அதை எழுதாமல் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

வியாசர்பாடி முன்னாள் ஆசிரியர்:
எண்ணூர் நண்பர் சொல்வது தனிப் பேச்சு. நான் கேட்டது 1918ஐப் பற்றி. யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் நானே விளக்குகிறேன்.

கரும்பில் நாணலைக் கலந்தது இனிப்புக்காக இல்லை. நாணலைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் இனிப்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வறட்சியையும் குளிரையும் நோயையும் தாங்கும் உறுதியைத்தான் அது கொடுத்தது. அந்தக் கலப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தவர் அம்மையார். கல்லூரியில் நாங்கள் வெங்காய வேர்நுனியை வெட்டி, அசிட்டோ கார்மைன் சாயத்தில் போட்டு, சாராய விளக்கில் இளஞ்சூடு காட்டி, கண்ணாடித் தகட்டின் மேல் உறிஞ்சுதாளை வைத்துக் கட்டைவிரலால் நசுக்குவோம். கொஞ்சம் சூடு கூடினாலும் எல்லாம் கருகிவிடும். விரல் சற்று வழுக்கினாலும் செல்கள் கிழிந்துவிடும். மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் வெங்காயச் செல்லில் 16. அந்தப் பதினாறை எண்ணி முடிக்கவே எனக்கு ஒரு பிற்பகல் போயிற்று. நாணலிலோ வடிவத்துக்கு வடிவம் எண் மாறும்: 40 இருக்கும், 64 இருக்கும், 128 வரை போகும். சிவப்புத் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் அந்தக் கூட்டத்தை ஊர் ஊராக வந்த நாணலுக்கெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணியவர் அவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து 1938இல் நேச்சர் இதழில் எழுதியவரும் அவரே. பிறகு இங்கிலாந்து சென்று, செல்லியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை 1945இல் வெளியிட்டார். இத்தனையும் இருக்க, செய்யாத ஒன்றை அவர் தலையில் ஏற்றுவது மரியாதை ஆகுமா? என் மாணவிகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும் எனக்கு. அதனால்தான் கோபம் வருகிறது.

தண்டையார்பேட்டை மாலை வகுப்பு:
இவ்வளவு தெரிந்த நீங்கள், இவ்வளவு காலம் இந்தத் தெருவில் ஒரு பதாகையும் கட்டவில்லையே, ஐயா. சாதியும் பெண் என்பதும் குறுக்கே நின்ற இடத்தில் தனியாளாக உழைத்தவரின் பங்கு மற்றவர்களின் பெயருக்குப் போயிருக்காது என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? 1918இல் ஒரு வகை வந்ததோடு கரும்பு ஆராய்ச்சி முடிந்துவிட்டதா?

வியாசர்பாடி முன்னாள் ஆசிரியர்:
1918இல் அவர் மாணவி. மாணவியின் பங்கை யார் திருட முடியும்? "இனிப்பைக் கொடுத்தவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். "ஆராய்ந்தவர்" என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

ராயபுரம் துறைமுகத்தான்:
பொங்கலுக்கு என் பாட்டி கொத்தவால் சாவடியில் வாங்கிவந்த கரும்பு, இப்போது கோயம்பேட்டிலிருந்து வருவதைவிடத் தித்திப்பாக இருந்தது. அது யார் செய்த கரும்பு? அதையாவது சொல்லுங்கள்.

வியாசர்பாடி முன்னாள் ஆசிரியர்:
அது கடித்துத் தின்னும் தடித்த செங்கரும்பு. ஆலைக்குப் போகும் கோ வகைகள் வேறு. நீங்களே என் பக்கம் சாட்சி சொல்கிறீர்கள், தம்பி.

ராயபுரம் துறைமுகத்தான்:
நான் யார் பக்கமும் இல்லை. சென்ற ஆண்டு துறைமுக வரலாற்றுக் கூட்டத்திலும் என்னை இப்படித்தான் பேசவிடாமல் செய்தீர்கள்.

பெரம்பூர் தமிழ்நேயன்:
புறநானூற்றுக்கு இன்னும் எவரும் மறுப்பு எழுதவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

எண்ணூர்க் கழிமுகம்:
காட்டைப் பற்றி எழுதினேன். ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை.

தண்டையார்பேட்டை மாலை வகுப்பு:
பதாகை இம்மாத இறுதிவரை இருக்கும். நேற்று ஒரு பிள்ளை அதன் கீழே நின்று தன் குறிப்பேட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். அதை அவிழ்க்க என் கை வராது.

வியாசர்பாடி முன்னாள் ஆசிரியர்:
அவிழ்க்க வேண்டாம். நாளை காலை நூலகம் திறக்கும் முன், 1918, 1921, 1934 என்று மூன்று ஆண்டுகளையும் அட்டையில் எழுதி, பதாகைக்குக் கீழே நானே கட்டப்போகிறேன். அந்தப் பிள்ளை அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

தண்டையார்பேட்டை மாலை வகுப்பு:
நூலகக் குழுவின் அனுமதி இல்லாமல் வாசலில் எதையும் கட்டக் கூடாது, ஐயா. அந்த விதியைப் போட்டவரே நீங்கள்தான்.

ராயபுரம் துறைமுகத்தான்:
என் தாத்தா சுமந்த ஜாவா மூட்டைக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.