புரொஜெக்டருக்கு 11 மீட்டர் எச்டிஎம்ஐ: பூச்சுக்கு முன்னால் எந்த கேபிள் போடலாம்?

புளியரை_மாடிவீடு

எல்லாருக்கும் வணக்கம். புளியரையில் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் வீடு. மாடி ஹாலை வீட்டு தியேட்டராக மாற்றிக்கொண்டிருக்கிறேன். 20 அடி நீளம், 13 அடி அகலம். திரை கிழக்குச் சுவரில், 4கே புரொஜெக்டர் பின்பக்கம் சீலிங்கில். ஏவிஆர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி), ஸ்ட்ரீமிங் பாக்ஸ் எல்லாம் திரைக்குக் கீழே அலமாரியில். அலமாரியிலிருந்து சுவரேறி, சீலிங் ஓரமாகப் போய் புரொஜெக்டர் வரைக்கும் கயிறு பிடித்து அளந்தேன். 11 மீட்டர் வருகிறது.

காடி வெட்டி முக்கால் அங்குல பைப் வைத்தாகிவிட்டது. திங்கட்கிழமை கொத்தனார் பூச வருகிறார். அதற்குள் படமும் சத்தமும் போகிற எச்டிஎம்ஐ கேபிள் உள்ளே போக வேண்டும். புனலூரில் ஒரு கடையில் 15 மீட்டர் செம்பு கேபிள் காட்டினார்கள். தங்க முலாம், அட்டையில் 8கே என்று போட்டிருக்கிறது. தென்காசியில் இன்னொருவர், ஃபைபர் (ஒளியிழை) கேபிள்தான் போட வேண்டும் என்கிறார். விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இன்னொன்று. வீட்டு வயரிங்குக்கு வாங்கிய 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் ஒரு சுருள் மிச்சம் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு அதையே இழுத்துவிடலாமா? பின் ஸ்பீக்கர்கள் 12 மீட்டர் தள்ளி வருகின்றன.

ஓணத்துக்கு கொல்லத்திலிருந்து அத்தை குடும்பம் வருகிறது. அதற்குள் முடித்துவிட ஆசை.

தென்மலை_ராத்திரி_ரயில்

தங்க முலாமையே வாங்குங்கள். நம் பக்கம் சாரல் நாலு நாள் விடாமல் அடித்தால் சாதா பின்னில் பச்சை பிடித்துவிடும். என்னிடம் இருப்பது இரண்டு மீட்டர் கேபிள், ஐந்து வருஷமாக ஒரு குறையும் இல்லை.

வயர்மேன்_செங்கோட்டை

தம்பி, திங்கட்கிழமை பூச்சை நிறுத்தி வையுங்கள். கொத்தனாரிடம் நாலு நாள் தள்ளிக் கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மேலே நண்பர் சொன்னது சரிதான், தங்கம் துருப்பிடிக்காது, ஈரக்காற்று ஊருக்கு நல்லது. ஆனால் அது பின்னைக் காப்பாற்றும், அவ்வளவுதான். படத்தின் தரம் அதனால் மேம்படாது. இரண்டு மீட்டரில் எந்தக் கேபிளும் ஓடும். உங்களுக்கு 11 மீட்டர். இங்கே தூரம்தான் கணக்கு.

2019-ல் ஆரியங்காவில் ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு நான் இதே மாதிரி 15 மீட்டர் செம்பு கேபிளைச் சுவருக்குள் பதித்துக் கொடுத்தேன். பூச்சு, பெயிண்ட் எல்லாம் முடிந்து புரொஜெக்டரை மாட்டினோம். படம் போட்டால் சுத்தமாக ஓடுகிறது. படத்தை நிறுத்தி பாக்ஸின் மெனுவுக்கு வந்தால் திரை இரண்டு விநாடி கருத்துப்போகிறது, திரும்ப வருகிறது, திரும்பப் போகிறது. வரும் நேரத்திலும் கருப்பான இடங்களில் வெள்ளைப் பொட்டுகள் மினுமினுக்கின்றன. புரொஜெக்டர்மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணானது. கடைசியில்தான் பிடிபட்டது. சினிமா விநாடிக்கு 24 பிரேம். 4கேயில் அதற்கு விநாடிக்கு 9 முதல் 11 கிகாபிட் தகவல் போனால் போதும். அந்தப் பாக்ஸின் மெனு 60 பிரேமில் வருகிறது, அதற்கு 18 கிகாபிட் வரை தேவை. அந்தக் கேபிள் பாதி வழியிலேயே மூச்சு வாங்கிவிட்டது. புதுப் பெயிண்ட் அடித்த சுவரை உளி வைத்து உடைத்தேன். அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அதிலிருந்து என் கணக்கு இதுதான். 5 மீட்டருக்குள் என்றால் நல்ல செம்பு கேபிள் தாராளமாகப் போதும், ஃபைபருக்குக் காசு கொடுக்க வேண்டாம். அட்டையில் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்று இருந்தால் 18 கிகாபிட். 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்றால் 48 கிகாபிட், அது எச்டிஎம்ஐ 2.1 சாதனங்களுக்கு. இரண்டிலும் போனில் ஸ்கேன் பண்ணிச் சரிபார்க்கிற லேபிள் ஒட்டியிருக்கும். வெறும் 8கே என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உங்கள் 11 மீட்டருக்கு ஃபைபர்தான். தென்காசிக் கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஃபைபர் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு தலையில் 'சோர்ஸ்' என்றும் மறு தலையில் 'டிஸ்ப்ளே' என்றும் எழுதியிருக்கும். சோர்ஸ் தலை ஏவிஆரில், டிஸ்ப்ளே தலை புரொஜெக்டரில். மாற்றி இழுத்துவிட்டால் படமே வராது, முழுக்க உருவி மறுபடி இழுக்க வேண்டும். கூர்மையாக மடக்கவும் கூடாது, உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

இப்போது பைப். எச்டிஎம்ஐ தலையின் அகலமே சுமார் 20 மில்லிமீட்டர். முக்கால் அங்குலத்தில் அது நுழையாது. ஒன்றரை அங்குல பைப் போடுங்கள். திருப்பத்தில் எல்போ வேண்டாம், நீளமான பெண்டு வையுங்கள். கரண்ட் வயர் அதே பைப்பில் வரவே கூடாது. உள்ளே ஒரு நைலான் கயிறும் ஒரு கேட் 6 (நெட்வொர்க்) வயரும் சேர்த்து விடுங்கள். எந்தக் கேபிளும் ஒரு நாள் போகும், அன்றைக்குச் சுவரை உடைக்காமல் மாற்ற முடிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. கேபிளை வாங்கியதும் ஹால் தரையில் விரித்து, ஏவிஆரையும் புரொஜெக்டரையும் தரையிலேயே வைத்து மாட்டுங்கள். பாக்ஸை 4கே 60-ல் வைத்து, வெறும் மெனுவையே ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஒரு தடவை கண் சிமிட்டினாலும் கடையில் மாற்றுங்கள்.

ஸ்பீக்கர் வயர்: உங்கள் 1.5 ஸ்கொயர் அசல் செம்பாக இருந்தால் தாராளமாக விடலாம். 12 மீட்டர் போய்த் திரும்ப 24 மீட்டர், மின்தடை சுமார் 0.3 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. 4 ஓம் என்றால் 2.5 ஸ்கொயர் போடுங்கள். செம்பா என்று பார்க்க ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது, அதை விட்டுவிடுங்கள்.

புளியரை_மாடிவீடு

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. பைப்பைப் பெயர்த்தாகிவிட்டது. கொத்தனார் வெள்ளிக்கிழமைதான் வருவார். வயரைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே வரைக்கும் சிவப்புதான்.

ஒரு சந்தேகம். புரொஜெக்டரிலேயே ஆப் இருக்கிறது. அதில் படம் போட்டால் சத்தம் ஏவிஆருக்குத் திரும்பி வருமா?

வயர்மேன்_செங்கோட்டை

ஏஆர்சி (சத்தத்தைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக அதே கேபிளில் திரும்பி வரும், ஆனால் ஃபைபர் கேபிளில் சிலது ஏஆர்சியை விடாது. வாங்கும்போது அட்டையில் பாருங்கள். என்னைக் கேட்டால் அந்த ஆப்பையே தொட வேண்டாம். பாக்ஸ் ஏவிஆரில் இருக்கிறது, படமும் சத்தமும் அங்கிருந்தே கிளம்பட்டும். சிலர் இதற்கென்று தனியாக ஆப்டிகல் ஆடியோ வயர் இழுக்கச் சொல்வார்கள். அதில் டால்பி 5.1 வரும், அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் முறை) வராது.

புனலூர்_தூக்குப்பாலம்

இங்கே எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் மாட்டிய பிறகு சப்வூஃபரில் 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல். அதற்குப் போகிற ஆர்சிஏ ஆடியோ வயரை அடுத்தடுத்து மூன்று தடவை மாற்றினேன், போகவில்லை. ஒரு நாள் இடி என்று செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி வயரைக் கழற்றினேன், அந்த நொடியே இரைச்சல் நின்றது. எர்த் இரண்டு வழியாக வந்து சுற்றுகிறதாம். அந்த லைனில் ஒரு ஐசொலேட்டர் (அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சின்னக் கருவி) போட்ட பிறகு சரியானது.

வயர்மேன்_செங்கோட்டை

சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். தம்பி, நீங்களும் எல்லா சாதனத்தையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். இரைச்சல் வருகிறது என்று யாராவது எர்த் பின்னைக் கழற்றச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். சாதனத்தில் கரண்ட் கசிந்தால் அது உயிர் சம்பந்தப்பட்டது.

புளியரை_மாடிவீடு

15 மீட்டர் ஃபைபர் வாங்கினேன். ஏஆர்சி உண்டு என்று அட்டையிலேயே இருக்கிறது. நேற்று ராத்திரி தரையில் விரித்து மெனுவை ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டேன். நானும் அம்மாவும் பாய் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு சிமிட்டல் இல்லை, ஒரு பொட்டு இல்லை. பிறகு அம்மா கேட்டார்கள் என்று ஒரு மலையாளப் படம் முழுக்கப் பார்த்தோம், சுவர் பூசாமலே.

காலையில் இழுத்தேன். சோர்ஸ் தலையில் சிவப்பு டேப், டிஸ்ப்ளே தலையில் பச்சை டேப். மிச்சம் நாலு மீட்டரை அலமாரிக்குப் பின்னால் பெரிய வளையமாகச் சுற்றி வைத்திருக்கிறேன். நைலான் கயிறு பைப்புக்குள்ளேயே கிடக்கிறது, இரண்டு முனையையும் ஆணியில் கட்டிவிட்டேன். நாளை கொத்தனார் வருகிறார்.